கருவாடு, உடும்பு, லீலா

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க தம்பி. பொட்டியில இடிச்சிரக் கூடாது. வெடிகுண்டெல்லாம் இல்ல, கம்ப்யூட்டர். வீட்டுக் கம்ப்யூட்டர்தான். டிவி மாதிரி இருக்குமே, அதை வீட்லயே விட்டுட்டு, உள்ள மூளை இருக்குற பொட்டியை மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன். கண்டக்டர் மேல வைக்கச் சொன்னாரு. குலுங்கும். டிரைவர் பக்கத்துல வைக்கச் சொன்னாரு. இஞ்சின் சூடு. காலடியில வைங்க பெரியவரேன்னாரு. காலடியில வைக்கிற சாமானா இது? அதான் மதுரையிலருந்து மடியிலயே வச்சிருக்கேன். தொடை மரத்துப்போச்சு. பரவால்ல, நாமக்கல் வரைக்கும்தான்.

உங்க கையில இருக்குறது லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். வீட்ல வச்சுக்கிற கம்ப்யூட்டருக்கு, இருக்குறதுலயே பலமான செஸ் ப்ரோக்ராம் எது?

கருவாடுன்னு மட்டும் சொல்லிராதீங்க. கருவாடு என்கிட்ட இருக்கு. உடும்பும் இருக்கு. முழிக்காதீங்க தம்பி. இங்கிலீஷ்ல அதுகளுக்கு ஒரு பேரு இருக்கு, என் வாயில நுழையல. கடைக்காரரு அர்த்தம் சொன்னாரு, ஒண்ணு காயவச்ச மீனு, இன்னொண்ணு பெரிய உடும்புன்னு. நான் அப்படியே கூப்பிட்டுக்கிறேன். விஷயம் அது இல்ல. அது ரெண்டையும் விடப் பலமானது ஒண்ணு எங்க சம்மந்தி வீட்ல இருக்கு. அது எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இந்த பஸ்ஸு நாமக்கல் போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சாகணும்.

சண்டையான்னா கேக்குறீங்க? சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டை இல்லன்னும் சொல்ல முடியாது. என் மக வாழுற வீடு தம்பி அது.

நமக்குச் சாத்தூர். அழகர்சாமின்னா தெரியாது, சர்வேயர்னா தாலுகா பூராத் தெரியும். முப்பத்தி நாலு வருஷம் அடுத்தவன் வரப்பை அளந்தவன். அண்ணன் தம்பி அருவாளோட நிப்பான், நான் நடுவுல சங்கிலியைப் போட்டு அளப்பேன். கல்லு எங்க இருக்குதோ அங்கதான் எல்லை. கலெக்டரே வந்து நின்னாலும் அளந்து பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, வாய்க்கு வந்தபடி ஒருத்தர் மேல பழி போடுறவன் இல்ல நான். அதை நீங்க மனசுல வச்சுக்கணும்.

செஸ்ஸு எனக்குப் பழைய பழக்கம். வெளியூர் கேம்ப்ல சாயங்காலம் வேற என்ன இருக்கு. ஆபீஸ்ல என்னைய ஜெயிச்ச ஆளு கிடையாது. என் மக முத்துச்செல்விக்குக் கூட சின்னப்பிள்ளையில சொல்லிக் குடுத்தேன், பொழுது போகணும்ல. சரி, அது கிடக்கட்டும்.

போன ஐப்பசியில பேத்திக்குப் பிறந்தநாள். நாலு வயசு. நாமக்கல் போயிருந்தோம். சம்மந்தி பேரு ரங்கசாமி, கோழித்தீவனக் கடை வச்சிருக்காரு. நல்ல மனுசன்தான், இப்பவும் நல்ல மனுசன்னுதான் சொல்லுவேன். சாப்பாடு முடிஞ்சு வெத்தலை போடும்போது, "நானும் செஸ்ஸு ஆடுவனுங்க சம்மந்தி"ன்னாரு. சரி, போன்லயே ஆடுவோம், வாட்ஸப்ல ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு நகர்வுன்னு பேசிக்கிட்டோம். ஒரே ஒரு விதிதான். யாரையும் கேக்கக் கூடாது, எதையும் பாக்கக் கூடாது. அவரு கையைப் பிடிச்சு "ஆகட்டுங்க"ன்னாரு. என் மக வெத்தலைத் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தா, அவளே சாட்சி.

முதல் ஆட்டம் பத்தொன்பது நகர்வுல முடிஞ்சுது. ரெண்டாவது பதினாறு. குதிரை எப்படிப் போகும்னே பாதி நேரம் சந்தேகம் அவருக்கு. காலையில ஆறு மணிக்கு, பேப்பர் படிச்சு முடிச்சதும் நகர்வு வந்துரும். ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாரு, அவ்வளவுதான். எனக்கே சங்கடமாப் போச்சு. வேணும்னே ஒரு ஆட்டம் விட்டுக் குடுக்கலாமான்னு எங்க வீட்ல கிட்டக் கேட்டேன். எங்க வீட்லன்னா என் சம்சாரம் சீதாலட்சுமி. "நீங்க விட்டுக் குடுக்கப் போறீங்களா?"ன்னா. சிரிச்சுக்கிட்டே அடுப்படிக்குள்ள போயிட்டா.

தை மாசம் மூணாவது ஆட்டம் ஆரம்பிச்சோம். அதுலதான் தம்பி எல்லாமே மாறிச்சு.

ஒண்ணு, நேரம். காலையில வரவே இல்ல. மத்தியானம் ரெண்டு, ரெண்டரைக்குத்தான் வரும். தினமும் அதே நேரம். அது ஏன்? நான் யோசிச்சேன். மாப்பிள்ளை கடையில கம்ப்யூட்டர் வச்சுத்தான் கணக்கு எழுதுறாரு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவாரு. அப்பக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்ல? பொருந்துதா?

ரெண்டு, நடுவுல ஒரு நாலு நாள் நகர்வே வரல. என்னன்னு கேட்டா பேத்திக்குக் காய்ச்சல்ங்கிறாரு. பேத்திக்குக் காய்ச்சல்னா தாத்தாவால ஒரு சிப்பாயைத் தள்ள முடியாதா? கம்ப்யூட்டர் ரிப்பேரு. அதைச் சொல்ல முடியாம பிள்ளை மேல பழியைப் போடுறாரு. அப்படித்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

மூணாவது, ஆட்டம். அதை எப்படிச் சொல்ல. நான் ஒரு சிப்பாயை எடுத்தேன். சும்மா கிடந்துச்சு, ராணியை அனுப்பி எடுத்தேன். யாரா இருந்தாலும் எடுப்பான். எடுத்து மூணு நாள் கழிச்சுப் பாத்தா ராணிக்குத் திரும்பி வர வழியில்ல. பாதையில்லாத நிலத்துல வீடு கட்டுன மாதிரி ஆயிருச்சு. நாலு பக்கமும் அவரு ஆளு. ராணியைக் குடுத்து ஒரு யானையை வாங்கிக்கிட்டேன், வேற என்ன செய்ய. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல தம்பி. தீவனக் கடைக்காரரு, குதிரைக்கு வழி தெரியாத மனுசன், மூணு நாளைக்கு முன்னாடியே குழி வெட்டி மூடி வச்சிருக்காரு. எப்படி?

அப்பத்தான் கம்ப்யூட்டர்னு உறைச்சுது.

உடனே சொல்லிட்டேனா? இல்ல. அளக்கணும்ல. சாத்தூர்ல ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கு, அங்க போயி, இருக்குறதுலயே பலமான ப்ரோக்ராம் எதுவோ அதை என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாங்கன்னேன். அவரு கருவாட்டையும் உடும்பையும் போட்டுக் குடுத்தாரு. ரெண்டுல எது பலம்னு கேட்டா, அவரு ஒண்ணு சொல்றாரு, இன்டர்நெட்ல நாலு பேரு நாலு சொல்றான். என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல எது பலம்னு என் வீட்லதானே அளக்க முடியும்? ரெண்டையும் மோத விட்டேன். இருபது ஆட்டம். ஆளுக்குப் பத்து வெள்ளை, பத்து கருப்பு. ரெண்டுக்கும் ஒரே நேரம். ஒண்ணுக்குக் கூட ஒண்ணுக்குக் குறைய இல்ல. நிலம் அளக்குற நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டே வந்தேன். கம்ப்யூட்டர் கொதிச்சுப்போயி, பக்கத்து மூடியைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வச்சேன். எங்க வீட்ல வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தா. "அதுக்கு ஃபேனு, எனக்கு விசிறியா?"ன்னா. கருவாடுதான் ஜெயிச்சுது. பதினொண்ணு டிரா, ஏழுல கருவாடு, ரெண்டுல உடும்பு.

சரி, கருவாடுதான் அளவுகோல்னு வச்சுக்கிட்டு, சம்மந்தியோட நகர்வு ஒண்ணொண்ணா அதுல போட்டுப் பாத்தேன். முப்பத்தி நாலு நகர்வு. அதுல இருபத்தி ஏழு, கருவாடு முதல்ல சொல்ற நகர்வு. ஆறு, ரெண்டாவதாச் சொல்றது. ஒரு மனுசன் இப்படி ஆடுவானா? நீங்களே சொல்லுங்க.

இருங்க, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. ஆமா, நானும் கொஞ்ச நாளா கருவாட்டைக் கேட்டுத்தான் ஆடுறேன். ராணி போனதுக்கு அப்புறம். அது திருட்டு இல்ல தம்பி. எதிராளி வரப்பைத் தாண்டிட்டான்னா நாமளும் தாண்டித்தானே நிக்கணும், இல்லன்னா நிலம் போயிரும்ல? அவரு மீறுனதுக்கு அப்புறம்தான் நான் மீறுனேன். தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.

அதுலயும் பாருங்க, கருவாட்டைக் கேட்டு ஆடியும் தோத்துக்கிட்டுதான் இருக்கேன். கேக்கும்போதெல்லாம் கருப்பு தோக்கும், கருப்பு தோக்கும்னே சொல்லுது. நான்தான் கருப்பு. உடும்பைக் கேட்டேன், அதுவும் அதையே சொல்லுது. கடைக்காரரு, "சார், ராணி போன பிறகு சாமியே வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. இதை விடப் பலமானது இருந்தாக் காப்பாத்தும்னு மெமரியைக் கூட்டி, உள்ள இருக்குறதையெல்லாம் மாத்திப் பாத்தேன். நான் ஓடுற ஓட்டத்தைப் பாத்து எங்க வீட்ல, "இன்னும் பலமா வேணுமா? தேடுங்க, தேடுங்க, நல்லாத் தேடுங்க"ன்னா. அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்.

என்னைய உறங்க விடாதது அந்த ஒரு நகர்வு. முப்பத்தி நாலுல முப்பத்தி மூணு போக மிச்சம் ஒண்ணு. பதினேழாவது நகர்வு. ராஜாவைக் கொண்டுபோயி ஓரமா வச்சாச்சு, முன்னாடி மூணு சிப்பாய் நிக்குது. எல்லாம் அமைதியா இருக்கு. அவரு பாட்டுக்கு அந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுறாரு. எதுக்கு? ஒரு காரணமும் இல்ல. கருவாட்டைக் கேட்டா அஞ்சாவது இடத்துலதான் சொல்லுது. உடும்புக்கு ஏழாவது. நான் அன்னிக்குச் சிரிச்சேன் தம்பி, வீண் நகர்வுன்னு. ஆனா ராணி போன பிறகு என்கிட்ட ஒரே ஒரு வழி இருந்துச்சு. யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினா, ராஜா வெளிய வர முடியாம மூணு சிப்பாய்க்குப் பின்னாடி மாட்டிக்கிடும். இறக்கினேன். ராஜா அந்தச் சிப்பாய் விட்டுட்டுப் போன இடத்து வழியா நைசா வெளிய வந்துருச்சு.

பத்து நகர்வுக்குப் பின்னாடி வர்றதுக்கு முன்கூட்டியே வழி வச்சிருக்கு. கருவாட்டுக்குத் தெரியல, உடும்புக்குத் தெரியல, இதுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அது ரெண்டை விடப் பலமானது ஒண்ணு அங்க இருக்குன்னுதானே அர்த்தம்?

அறிக்கை எழுதினேன். ஆக்கிரமிப்புக்கு எழுதுவோம்ல, அதே மாதிரி. பொருள், பார்வை, கண்டது, முடிவு. "மேற்படி ஆட்டத்தில் சம்மந்தி அவர்கள் கம்ப்யூட்டர் உதவியுடன் ஆடி வருவது அளவீட்டில் தெரிய வருகிறது." நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்துச் சேர்த்து, குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். ரெண்டு வீட்டு ஆளும் இருக்குற குரூப்பு, பதினாலு பேரு. தனியாச் சொன்னா மழுப்பிருவாருன்னுதான் பொதுவுல வச்சேன்.

கொஞ்ச நேரத்துல சம்மந்தி குரூப்பை விட்டுப் போயிட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் செல்வி போன் பண்ணினா. "அப்பா, அதை அழிச்சிருங்க"ன்னா. முடியாதுன்னேன். அளந்து எழுதுனதை அழிக்கிற பழக்கம் இல்லன்னேன். "எந்த ப்ரோக்ராம்னு நினைக்கிறீங்க?"ன்னா. அதுதான்மா தெரியல, எல்லாத்தையும் விடப் பலமானதுன்னேன். "அம்புட்டு நல்லாவா இருக்கு அந்த ஆட்டம்?"ன்னா. மனுசன் ஆடுற ஆட்டமே இல்லன்னேன். அதுக்கு ஒரு சத்தம் வந்துச்சு தம்பி. சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல. வச்சிட்டா. அதோட சரி. ஒன்பது நாள் ஆச்சு, என் போனை எடுக்க மாட்டேங்கிறா. அவ அம்மாகிட்டப் பேசுறா. நான் கையை நீட்டினா, "உலை கொதிக்குது, அப்புறம் பேசுறேன்"னு அவ அம்மா வச்சிர்றா.

எனக்கு இப்பப் பயம் வந்துருச்சு. வெளிய சொல்லக் கூடாது, உங்ககிட்டச் சொல்றேன். என்னால அவளை அங்க என்ன சொல்றாகளோ. மருமகளை வச்சுக்கிட்டு அவ அப்பன் நம்மளைத் திருடன்னு எழுதிப் போட்டானேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாகளா? நேத்து சம்மந்தியே கூப்பிட்டாரு. "நானு கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லீங்க சம்மந்தி. ஆனா விதியை மீறுனது நெசம், அது என் தப்புத்தானுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க, வாக்குக் குடுத்திருக்கறனுங்க"ன்னாரு. யாருக்குக் குடுத்தாரு வாக்கு? கம்ப்யூட்டர் கடைக்காரனுக்கா? "நேர்ல வாங்க. உங்க பொண்ணும் பேசோணுங்குது. எல்லாரும் உக்காந்து பேசிக்கலாங்க"ன்னாரு.

எல்லாரும் உக்காந்து பேசுறதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வீட்டு முற்றத்துல பாத்திருக்கேன். பொட்டியைக் கட்டி அனுப்புற பேச்சுக்குத்தான் எல்லாரும் உக்காருவாக. அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டுப் போறேன். அவுக முன்னாடியே ஓட விட்டு, நகர்வு நகர்வாக் காட்டி, இன்ன ப்ரோக்ராம்னு பேரைச் சொல்லிட்டேன்னா, தப்பு அவுக பக்கம்னு ஆயிரும். அப்புறம் என் மகளை ஒரு வார்த்தை பேச முடியாது பாருங்க. ஆனா பேரைச் சொல்லணும். பேரு தெரியாமப் போனா நான் செத்தேன்.

என்ன சொன்னீங்க? லீலாவா?

கேள்விப்பட்டிருக்கேன். கடைக்காரரும் சொன்னாரு. பொம்பளப் பேரா இருக்கேன்னு நான்தான் வேண்டாம்னுட்டேன். அதோட என் கம்ப்யூட்டருக்கு அது சரிவராது, தனியா ஒரு கார்டு வாங்கிப் போடணும்னாரு. அது எப்படி ஆடும்? மத்தது மாதிரி இல்லையா? யாரும் சொல்லிக் குடுக்கலையா? அட, தன்னோட தானே ஆடி, தோத்து, திரும்ப ஆடி, அப்படியே கத்துக்கிட்டதா? மனுசங்க ஆட்டத்தைப் பாக்கவே இல்லையா? ஓரச் சிப்பாயைத் தள்ளுற பழக்கமும் அதுக்கு உண்டா!

அதான் தம்பி. அதேதான். அப்ப லீலாதான் அங்க இருக்கு. உங்க லேப்டாப்ல அதைப் போட முடியுமா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மெதுவா ஓடினாப் பரவால்ல. கரூர் தாண்டுறதுக்குள்ள எனக்கு அந்தப் பதினேழாவது நகர்வை மட்டும் பாத்துச் சொல்லுங்க. நகர்வெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு, வரிசையா எழுதியிருக்கேன். நான் படிக்கிறேன், நீங்க போடுங்க.

போட்டாச்சா? எறங்கிருச்சா? நல்லது. வெள்ளை ராஜா ஓரத்துல. ஆமா, அந்த இடம்தான். இப்பக் கேளுங்க.

என்ன சொல்லுது?

ஆறாவதா? நல்லாப் பாருங்க தம்பி. கொஞ்ச நேரம் ஓட விடுங்க. இன்னும் ஆறாவதுதானா? லீலாவும் அதை ஆடாதா?

அப்ப எதுதான் ஆடும்?

மனுசனா? என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க. எந்த ப்ரோக்ராமும் இல்ல, யாரோ மனுசங்க ஆடுனது மாதிரித்தான் இருக்குன்னா, அந்த வீட்ல ஆடத் தெரிஞ்ச மனுசன் யாரு இருக்கா? எண்ணிப் பாருங்க. சம்மந்தி, அவரு ஆட்டத்தைத்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்குக் காயைப் பிடிக்கவே தெரியாது. சம்மந்தியம்மா கண்ணு ஆபரேசன் பண்ணிப் படுத்திருக்காக. பேத்தி நாலு வயசு. முடிஞ்சுது, அவ்வளவு பேருதான் வீட்ல.

என் மகளா? செல்வியா? நல்லாக் கேட்டீங்க.

அவளுக்கு நேரம் எங்க இருக்கு. காலையில எந்திரிச்சா சமையல், பிள்ளை, மாமியாருக்குச் சொட்டு மருந்து, கடையாளுகளுக்குச் சாப்பாடு. மத்தியானம் பிள்ளை தூங்குறப்பத்தான் உக்காருவா. அந்நேரம் போன் பண்ணாதீங்க, அவ மூச்சு விடுறதே அப்பத்தான்னு எங்க வீட்ல கூட என்னையத் திட்டும். அதோட அவ ஆடுன ஆட்டமெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. கெட்டிக்காரிதான், இல்லங்கல. மாவட்டத்துல ரெண்டாவதா வந்தா. கோயம்புத்தூர்ல மாநிலப் போட்டி, மூணு நாள் தங்கணும்னாக. பெரிய மனுசியாகி ஆறு மாசம்தான் ஆகுது. நான் வேண்டாம்னுட்டேன். பலகையைத் தூக்கிப் பரண்ல போட்டேன். நான் செஞ்சது தப்பில்ல தம்பி, அன்னிக்கு எல்லா அப்பனும் அதைத்தான் செஞ்சிருப்பான். ரெண்டு நாள் பேசாம இருந்தா. அப்புறம் சரியாப் போச்சு.

விளையாட்டுப் புத்தி மட்டும் போகல. எங்க அடுப்படியில சிவப்பும் கருப்புமா கட்டம் போட்ட தரை. அதுல மிளகையும் கடுகையும் பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இந்தப் பக்கம் ஒண்ணு நகத்துவா, எந்திரிச்சு அந்தப் பக்கம் போயி உக்காந்து ஒண்ணு நகத்துவா. தனக்குத் தானே. கல்யாணம் ஆகுற வரைக்கும் அதே வேலைதான். மிளகு வீணாப் போகுதுன்னு நான் சத்தம் போடுவேன்.

ஒழுங்கா ஆடவும் மாட்டா பாத்துக்கங்க. எம்புட்டுச் சொல்லிக் குடுத்தாலும் ஒரு கோணங்கித்தனம். ராஜாவை ஓரத்துல வச்ச உடனே அந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவா. ஏம்மா, வீண் நகர்வும்மான்னு தலையில குட்டுவேன். தலையைத் தடவிக்கிட்டே, "இருக்கட்டும்பா, ராஜாவுக்கு ஜன்னல் திறந்து விடுறேன், காத்து வர"

கொஞ்சம் இருங்க தம்பி.

ஒண்ணும் இல்ல. தண்ணி இருக்கா.

மணி என்ன இப்ப? ரெண்டு இருபதா.

வெத்தலைத் தட்டை வச்சுக்கிட்டு நின்னா. நான் அவளைச் சாட்சின்னுதான் நினைச்சேன்.

முதல் ரெண்டு ஆட்டமும் அவ பக்கத்துல நின்னு பாத்திருப்பா. காபி குடுக்க வந்தப்ப, மாமா குதிரை போயிரும்னு சொல்லியிருப்பா. அவரு, நீயே ஆடு தாயின்னிருப்பாரு. அவரு அப்படிச் சொல்லக்கூடிய மனுசன்தான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு வாக்கு வாங்கியிருப்பா. பழியைக் கூட வாங்கிக்கிட்டு வாயைத் திறக்கல பாருங்க அந்த மனுசன். தேடுங்க, நல்லாத் தேடுங்கன்னாளே எங்க வீட்ல, அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல. முப்பத்தி நாலு நகர்வை அளந்தேன், அத்தனை வருஷம் அடுப்படியில நடந்ததை நான் திரும்பிக் கூடப் பாக்கல.

தம்பி, குரூப்ல போட்ட அந்த அறிக்கையை அழிக்க முடியுமா? எல்லாரு போன்லருந்தும் போகணும். ஒன்பது நாள் ஆயிருச்சுன்னா முடியாதா? என் போன்லருந்து மட்டும்தான் போகுமா? அப்ப அது அங்கேயேதான் கிடக்கும்.

சரி. அதுக்குக் கீழ ஒண்ணு எழுதணும். இந்தாங்க என் போனு, நீங்க அடிங்க. "மேலே கண்ட அறிக்கை தவறு. சம்மந்தி அவர்கள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டது நான்." அதையும் போடுங்க, போடுங்க. "இந்த ஆட்டத்தை ஆடியது என் மகள் முத்துச்செல்வி." அடிச்சாச்சா? அதுக்குப் பக்கத்துலயே, "அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவன் நான்"னு...

ஏன் நிறுத்திட்டீங்க?

ஆமா.

பலகையைப் பரண்ல போட்டவனும் நான்தானே. அந்த வரியை எடுத்துருங்க. முத்துச்செல்வியோட நிறுத்திருங்க. அனுப்புங்க.

போயிருச்சா. நான் நினைக்கிறேன் தம்பி, கரூர்ல இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிப் போயிரலாமான்னு. எல்லாரும் உக்காந்திருப்பாக. அவளும் உக்காந்திருப்பா. இந்தப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு அவ முன்னாடி எப்படிப் போயி நிப்பேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு. ஆட்டத்தையும் விட்டுட்டேன்னு எழுதிப் போட்டுரலாம். தோத்ததுதானே, எல்லா ப்ரோக்ராமும் சொல்லிருச்சு.

உங்க கையில போன் அடிச்சுதே. வந்துருக்கா? யாரு? செல்வியா? அவ பேர்லருந்தேவா, குரூப்லயா? எல்லாரும் பாக்குற மாதிரியா?

படிங்க.

"அப்பா, ஒன்பது நாளா உங்க நகர்வு வரல."

அவ்வளவுதானா? கீழ தள்ளிப் பாருங்க. வேற ஒண்ணும் போடலையா?

விட மாட்டா. விட்டுட்டேன்னு சொல்ல விட மாட்டா. கடைசி வரைக்கும் உக்காந்து ஆடணும்ங்கிறா.

இந்தப் பொட்டியைக் கொஞ்சம் வாங்கிக் காலடியில தள்ளுங்க தம்பி. குலுங்கினாக் குலுங்கட்டும். லீலாவை மூடிருங்க. பலகையை மட்டும் என் பக்கம் திருப்புங்க, நான் யோசிக்கணும்.